டிரையருக்குள் முறுக்கேறும் படுக்கை விரிப்புகள்

துணி உலர்த்தும் இயந்திரமான டிரையர் மணியடித்து நின்றது. உலர்ந்துவிட்டது என்பதற்கான விளக்கும் எரிந்தது. கதவைத் திறந்தேன். இரண்டு படுக்கை விரிப்பு, ஒரு போர்வை உறை, நான்கு தலையணை உறை என ஏழு உருப்படிகளாக உள்ளே போட்டவை ஒரே பந்தாகத் திரண்டு கிடந்தன. பந்தின் மேற்புறம் சுட்டது, மொரமொரப்பாகக்கூட இருந்தது. கையை நுழைத்து நடுவிலிருந்து ஒரு தலையணை உறையை உருவினேன். சலவை இயந்திரத்திலிருந்து எடுத்தபோது எப்படி இருந்ததோ அதே ஈரம், அதே குளிர்ச்சி.

வாரந்தோறும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. பந்தை அவிழ்த்து உதறி மறுபடி உள்ளே போட்டு இருபது நிமிடம் ஓட்டினால், மறுபடியும் பந்து. சில நாள் இப்படி மூன்று சுற்று. எலாஸ்டிக் வைத்த விரிப்பின் ஓரத் தையல் இரண்டு இடங்களில் பிரிந்துவிட்டது. முறுக்கி இழுபட்டதன் விளைவு. இதே இயந்திரம் துண்டுகளையும் சட்டைகளையும் குறையில்லாமல் உலர்த்தித் தருகிறது. விரிப்பு என்று வந்தால் மட்டும் இந்தப் பாடு. எந்தப் பாகமும் பழுதாகாத இயந்திரத்தில் எதைக் கழற்றிச் சரிசெய்வது என்று தெரியாமல் பல வாரம் வெறுப்போடு அவிழ்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவது என உட்கார்ந்தேன். இரண்டு மாதம் ஆனது.

முதலில் எடை

“இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது” என்ற கணக்கை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது. ஆகவே ஒரு தராசை எடுத்து வைத்துக்கொண்டேன். நன்றாக உலர்ந்த நிலையில் ஏழு உருப்படிகளும் சேர்ந்து 3.04 கிலோ. சலவை இயந்திரம் நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் பிழிந்து முடித்ததும் 4.86 கிலோ. அதாவது டிரையர் வெளியேற்ற வேண்டிய தண்ணீர் 1.82 கிலோ. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.65 கிலோவாட் மணி வெப்பம் தேவை. இந்தச் செலவை யாராலும் தவிர்க்க முடியாது. எனக்கு எரிச்சலூட்டியது, ஏற்கெனவே உலர்ந்துபோன மேல் அடுக்கைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதற்கு ஆகும் செலவுதான்.

டிரையர் தானாக நின்றபோது 65 நிமிடம் ஆகியிருந்தது. பந்தை அவிழ்க்காமல் அப்படியே நிறுத்துப் பார்த்தேன்: 3.46 கிலோ. இன்னும் 420 கிராம் தண்ணீர் உள்ளேயே இருந்தது. நடுவில் அகப்பட்டிருந்த தலையணை உறையின் உலர்ந்த எடை 110 கிராம். அது மட்டும் 180 கிராம் நிறுத்தது.

சந்தேகம் முதலில் ஈர உணரியின் மேல் விழுந்தது. என் இயந்திரத்தில் கதவுக்கு அருகே, பஞ்சு வடிகட்டியை ஒட்டி, இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கின்றன. ஈரத்துணி இரண்டையும் ஒருசேரத் தொட்டால் அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். துணி உலர உலர அந்த ஓட்டம் குறையும். போதுமான அளவு குறைந்ததும் இயந்திரம் நின்றுவிடும். துணியை மிருதுவாக்கும் திரவம் பயன்படுத்தும் வீடுகளில் பட்டைகளின் மேல் மெழுகு போன்ற படலம் படிந்துவிடுகிறது. படலம் மின்சாரத்தைத் தடுப்பதால் ஈரத்துணியையும் உலர்ந்தது என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, வெள்ளை வினிகரில் நனைத்த துணியால் பட்டைகளைத் துடைத்தேன். துணியில் சாம்பல் நிற அழுக்கு ஏறியது. ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்து உலரவிட்டேன்.

அடுத்த சலவையில் மிச்ச ஈரம் 420 கிராமிலிருந்து 350 கிராமாகக் குறைந்தது. அவ்வளவுதான். அப்போதுதான் புரிந்தது, உணரி பொய் சொல்லவில்லை. தன்னைத் தொடுகிற துணியைப் பற்றி மட்டுமே அதனால் சொல்ல முடியும். பந்தின் வெளித்தோல்தான் பட்டைகளைத் தொடுகிறது. அது உண்மையிலேயே உலர்ந்துதான் இருக்கிறது.

கதவுக் கண்ணாடி வழியாக

துணியைச் சுழற்றும் உருளையான டிரம்முக்கு உள்ளே விளக்கு உண்டு என்பது பெரிய உதவி. இரண்டு விரிப்புகளின் நான்கு மூலைகளிலும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என நூல் தைத்து அடையாளம் வைத்தேன். கைபேசியைக் கண்ணாடிக்கு எதிரே நிறுத்தி முழு ஓட்டத்தையும் படம் பிடித்தேன். இந்தச் சிக்கலில் நான் செய்த மிகப் பயனுள்ள காரியம் இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஒரு மணி நேரப் படத்தைப் பொறுமையாகப் பார்ப்பது கடினம்தான். ஆனால் அதற்கு முன் நான் நம்பிக்கொண்டிருந்த காரணங்களில் பாதி அந்த ஒரு மணி நேரத்திலேயே விழுந்துவிட்டன.

டிரம் நிமிடத்துக்கு 48 சுற்று சுழல்கிறது. அதன் விட்டம் 58 சென்டிமீட்டர். உட்புறத்தில் மூன்று மேடுகள் இருக்கின்றன. அவைதான் துணியை மேலே தூக்கிச் செல்பவை. இந்த வேகத்தில், டிரம் சுவரோடு ஒட்டியிருக்கும் துணியை வெளிநோக்கித் தள்ளும் விசை அதன் எடையில் முக்கால் பங்கு. ஆகவே துணி அச்சின் உயரத்தைத் தாண்டி மேலேறி, சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் சுவரைவிட்டு விலகி, சூடான காற்றின் குறுக்கே விழுகிறது. அந்த விழுகையின்போதுதான் துணி விரிகிறது, காற்று ஊடுருவுகிறது, ஈரம் போகிறது. நிமிடத்துக்கு 55 சுற்றைத் தாண்டினால் துணி விழவே விழாது. சுவரோடு ஒட்டிக்கொண்டு சுழலும். எனவே வேகத்தைக் கூட்டுவதால் பயன் இல்லை.

இப்போது பந்தைப் பாருங்கள். அதன் நடுப்புள்ளி சுவரிலிருந்து விலகி, அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே 48 சுற்றில் அதற்குக் கிடைக்கும் விசை பாதியளவுதான். நடுப்புள்ளி அச்சின் உயரத்தைத் தாண்டியதும் தாண்டாததுமாகப் பந்து சரிந்து, டிரம்மின் அடிப்பகுதியில் உருளத் தொடங்கிவிடுகிறது. விழுகை இல்லை, வெறும் உருளல். உருளும் பந்து தன் பக்கத்தில் கிடப்பதையெல்லாம் மேலே சுற்றிக்கொள்கிறது. என் படத்தில் ஒன்பதாவது நிமிடத்தில் பந்து உருவானது. அதற்குப் பிறகு ஒரு முறைகூட அது அவிழவில்லை.

விரிப்பின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிரம்மின் உட்சுற்றளவு ஏறத்தாழ 1.82 மீட்டர். என் விரிப்பின் நீளம் 2.6 மீட்டர். உள்ளே முழுமையாகச் சுற்றிப் படிந்தாலும் ஒரு முனை இன்னொரு முனையின் மேல் ஏறியே தீரும். சட்டைக்கும் துண்டுக்கும் இந்தத் தொல்லை வருவதில்லை. பெட்டியின் மேல் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதுகிறார்கள். எத்தனை மீட்டர் துணியை உள்ளே விரியவிடும் என்று யாரும் எழுதுவதில்லை. எனக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு.

அடுத்தது முறுக்கு. அவிழ்க்கும்போது கவனித்தேன். விரிப்பு கயிறு போலத் திரிந்திருந்த இடங்களில் ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கமாக முறுக்கியிருந்தன. எல்லாம் வலம்புரி, இடம்புரி ஒன்றோ இரண்டோதான். காரணம் டிரம்மின் அமைப்பில் இருக்கிறது. என் இயந்திரத்தில் பின்சுவர் டிரம்மோடு சேர்ந்து சுழல்கிறது. முன்பக்கம் கதவு அசையாமல் நிற்கிறது. கயிறு திரிப்பவர் ஒரு முனையை அசையாமல் பிடித்து மறுமுனையைத் திருகுவார். டிரம் விரிப்புக்குச் செய்வதும் அதுவேதான்.

எதிர்ப்பக்கமாகவும் சுழலும் என்று சொல்லித்தானே விற்கிறார்கள்? ஆம், சுழல்கிறது. நேரம் பார்த்தேன். சாதாரண ஓட்டத்தில் ஐந்து நிமிடம் முன்னோக்கி, பத்து விநாடி பின்னோக்கி. அதாவது 240 சுற்று முறுக்கிவிட்டு 8 சுற்று அவிழ்க்கிறது. ‘படுக்கை விரிப்பு’ என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. அதில் தொண்ணூறு விநாடி முன்னோக்கி, இருபது விநாடி பின்னோக்கி. 72 சுற்றுக்கு 16. முன்னதைவிட மேல், ஆனாலும் முறுக்குதான் வெல்கிறது. சரிபாதியாக ஏன் வைக்கவில்லை என்றால், டிரம்மையும் காற்றாடியையும் ஒரே மோட்டார்தான் சுழற்றுகிறது. காற்றாடியின் இதழ்கள் ஒரு திசைக்கு ஏற்றபடி வளைந்தவை. பின்னோக்கிச் சுழலும்போது காற்றோட்டம் குறைந்துவிடுவதால் அந்த நேரத்தைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். காரணம் விளங்குகிறது. ஆனால் அந்தத் தேர்வுக்கு ‘படுக்கை விரிப்பு’ என்று பெயர் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

படத்தில் தெரிந்த இன்னொன்று: டிரையருக்குள் போடும்போதே மூலைகள் காணாமல் போயிருந்தன. சலவை இயந்திரத்திலிருந்து எடுத்த கட்டியை அப்படியே தூக்கிப் போட்டிருந்தேன். சிவப்பும் நீலமும் வெளியே தெரிந்தன. பச்சையும் மஞ்சளும் உள்ளே எங்கோ. பந்தின் விதை சலவை இயந்திரத்திலேயே விழுந்துவிடுகிறது.

செய்து பார்த்தவை

முதலில் கம்பளி உருண்டைகள். ஆறு உருண்டைகளைத் துணியோடு சேர்த்துப் போட்டேன். அவை துணிகளுக்கிடையே புகுந்து பிரித்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. சட்டைகளிடையே உண்மையில் அப்படித்தான் நடக்கிறது. விரிப்போடு போட்டபோது, ஓட்டம் முடிந்து அவிழ்த்தால், ஆறில் நான்கு பந்துக்குள்ளேயே இருந்தன. பந்துக்குக் கூடுதல் எடைதான் சேர்ந்தது.

பிறகு, உள்ளே போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக உதறுவது. அக்காவும் நானும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, நான்கைந்து முறை பலமாக உதறி, மடிக்காமல் தளர்வாக ஒவ்வொன்றாகப் போட்டோம். மொத்தம் மூன்று நிமிட வேலை. பந்து ஒன்பதாவது நிமிடத்துக்குப் பதில் இருபத்திரண்டாவது நிமிடத்தில் உருவானது. மிச்ச ஈரம் 210 கிராம். ஒரு காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றம் மிச்ச ஈரத்தை 350 கிராமிலிருந்து அவ்வளவு குறைத்துவிட்டது. வேறு எதையும் செய்ய மனமில்லாதவர்கள் இதையாவது செய்யுங்கள். தனியாக இருந்தால் கதவின் மேல் விரிப்பைப் போட்டு இரு பக்கமும் இழுத்துவிட்டாலே முறுக்கு பிரிந்துவிடும்.

அடுத்து மூலைகளுக்கு வந்தேன். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. சுற்றிக்கொள்வது எப்போதும் தனித்துத் தொங்கும் ஒரு மூலையில்தான் ஆரம்பிக்கிறது. எலாஸ்டிக் விரிப்பில் மூலைகள் பை போலக் குவிந்திருப்பதால், அருகில் வரும் தலையணை உறைகளை அவை விழுங்கியும் விடுகின்றன. மூலைகளைத் திரியவிடாமல் பிடித்து வைத்தால்?

ரப்பர் வளையத்தால் நான்கு மூலைகளையும் சேர்த்துக் கட்டினேன். அரை மணி நேரச் சூட்டில் வளையம் அறுந்துவிட்டது. அறுந்த துண்டைத் தேடி எடுக்க வடிகட்டியின் வாய்வரை கைவிட வேண்டியிருந்தது. சூடான டிரம்மில் ரப்பர் வேண்டாம்; நானும் இனிச் செய்ய மாட்டேன். மூலைகளையே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். விரிப்பு மூட்டையாகிவிட்டது, முடிச்சு ஈரமாகவே நின்றது. ஆனால் அந்தத் தோல்வியில் ஒரு பயன் இருந்தது. விரிப்பின் நடுப்பகுதி கயிறாகத் திரியவே இல்லை. மூலைகள் ஓரிடத்தில் இருக்க வேண்டும், ஆனால் நெருக்கிக் கட்டியிருக்கக் கூடாது. இதுதான் தேவை என்று தெளிவானது.

சிலுவை நாடா

பைகளுக்கு வாராகத் தைக்கும் தடித்த பருத்தி நாடா, நான்கு சென்டிமீட்டர் அகலம். இருபது சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, கூட்டல் குறி போல ஒன்றின்மேல் ஒன்றை வைத்து நடுவில் சதுரமாகத் தைத்தேன். நான்கு கைகளிலும், முனையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, நீளவாக்கில் ஒரு பிளவு. விரிப்பின் மூலையைக் குவித்துப் பிளவில் நுழைத்து, எட்டு சென்டிமீட்டர் வெளியே இழுத்துவிட வேண்டும். மூலையில் மடித்துத் தைத்த ஓரம் தடித்திருப்பதால் எளிதில் திரும்பி வராது.

முதலில் செய்ததைத் தையல் தெரிந்த அக்காவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிளவு ஓரத்துக்குப் பொத்தான்துளைத் தையல் போடவில்லையே. இரண்டு தடவை சுழன்றால் நூல்நூலாகப் பிரிந்துவிடும். முனையையும் மடித்துத் தை.”

“பிளவு மூன்று சென்டிமீட்டர் போதுமா அக்கா?”

“அது பெரிது. எவ்வளவு இழுத்தால் வரும் என்று ஈரத்துணியில் வைத்துப் பார். உலர்ந்த துணியில் பார்த்தால் கணக்குத் தப்பும்.”

அவர் சொன்னபடியே ஆனது. மூன்று சென்டிமீட்டர்ப் பிளவிலிருந்து ஈர மூலை பதினைந்தே நிமிடத்தில் கழன்றுவிட்டது. இரண்டரை சென்டிமீட்டராகச் சுருக்கித் தைத்ததும் நின்றது. பிளாஸ்டிக் தகட்டில் செய்தால் இன்னும் சுலபம்தான். ஆனால் எந்தப் பிளாஸ்டிக் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். டிரம்மில் மோதும் சத்தமும் இருக்கும். பருத்தி நாடாவில் இந்தக் கவலை எதுவும் இல்லை. உலோகக் கொக்கி, ஊசி, கிளிப் எதையும் நான் சேர்க்கவில்லை. கழன்றால் டிரம்மைக் கீறும், துணியைக் கிழிக்கும்.

விரிப்புக்கு ஒன்று என இரண்டு சிலுவை. தலையணை உறைகளை இந்தச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டேன். மூலைகளைச் சேர்த்ததும் விரிப்பின் நான்கு ஓரங்களும் நான்கு வாய்களாகின்றன. சிறிய துணி எதுவும் அருகில் இருந்தால் உள்ளே போய்விடும். அவற்றைத் துண்டுகளோடு தனியாக ஓட்டுவதே நல்லது.

முதல் ஓட்டத்தைக் கண்ணாடி முன்னாலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பதாவது நிமிடம் வந்தது, போனது. இருபத்திரண்டும் போனது. விரிப்புகள் மேலேறி, நடுவயிறு காற்றில் உப்பி, விழுந்தன. மறுபடி ஏறி, மறுபடி விழுந்தன. அரை மணியில் இரண்டு விரிப்புகளும் ஒன்றோடொன்று ஒரு முறை பின்னிக்கொண்டு, அடுத்த பின்சுழற்சியில் பிரிந்தன. நாற்பத்தோராவது நிமிடத்தில் இயந்திரம் நின்றது. இரண்டு விரிப்பும் உலர்ந்த எடை 1.56 கிலோ. வெளியே வந்தது 1.59 கிலோ. முப்பது கிராம் ஈரம், அதுவும் பெரும்பாலும் பிளவுகளில் குவிந்திருந்த இடத்தில். மறுசுற்று இல்லை. அந்த விரிப்பை நேராக எடுத்துக் கட்டிலில் விரித்தபோது ஏற்பட்ட நிறைவை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அதன் பிறகு ஐந்து வாரமாக இதே முறைதான். ஒரே ஒரு முறை பந்தானது. அன்று அவசரத்தில் உதறாமல் போட்டிருந்தேன். ஒரு மூலையும் பிளவில் சரியாக ஏறவில்லை.

இடையில் நிறுத்த வேண்டியிருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். ஓட்டத்தின் கடைசிச் சில நிமிடங்கள் துணியைக் குளிரவைப்பதற்கானவை. அதற்கு முன் நிறுத்தினால் துணியை உடனே வெளியே எடுத்து விரித்துவிட வேண்டும். சூடான துணியைப் பந்தாகவே குவித்து வைத்தால் நடுவில் உள்ள வெப்பம் வெளியேற வழியில்லை. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. எண்ணெய்க் கறை முழுதும் போகாத துணியில் அபாயம் இன்னும் அதிகம். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் துடைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

போர்வை உறை மட்டும் இன்னும் முழுதாக வழிக்கு வரவில்லை. உட்புறத்தை வெளியே திருப்பி, பொத்தான்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டதால் மற்றத் துணிகளை அது விழுங்குவது நின்றுவிட்டது. ஆனால் உள்ளே காற்று புகுந்து பெரிய பலூனாக உப்பி, கதவுப் பக்கம் வந்து காற்று வெளியேறும் வாயை அடைத்துக்கொள்கிறது. காற்றோட்டம் தடைப்பட்டால் உலர்வதும் நின்றுவிடுகிறது. இப்போதைக்கு இருபதாவது நிமிடத்தில் நிறுத்தி, வெளியே எடுத்து ஒரு முறை உதறிப் போடுகிறேன். தனியாக ஓட்டினால் 55 நிமிடம் ஆகிறது. உறையின் மூடிய பக்கத்து இரண்டு மூலைகளை மட்டும் சிலுவையில் மாட்டி, பொத்தான் பக்கத்தில் கையளவு இடத்தைக் காற்று போக்கத் திறந்துவிட்டுப் பார்க்கலாம் என்று அக்கா சொல்கிறார். அதற்கென்று முப்பது சென்டிமீட்டர்க் கைகள் உள்ள பெரிய சிலுவை ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன். பிளவுகளுக்குப் பொத்தான்துளைத் தையல்தான் பாக்கி.